கொண்டுவந்தது யார், கெடுத்தது யார்? தர்மபுரி, கிருஷ்ணகிரியில் அடிக்கடி கேட்கப்படும் அரசியல் கேள்விகள்

தேர்தல் நெருங்கினாலும் நெருங்காவிட்டாலும் நம் இரண்டு மாவட்டங்களிலும் சில வாதங்கள் ஓய்வதே இல்லை. டீக்கடையில், கல்யாணப் பந்தியில், வாட்ஸ்அப் குழுக்களில் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எனக்கு வந்த கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எந்தக் கட்சி சொன்னது என்று பார்த்து முடிவெடுக்காமல், என்ன சொல்லப்பட்டது, எதை மறைத்துச் சொல்லப்பட்டது என்று பார்த்திருக்கிறேன். இங்கே நம்மைத் தவறாக நடத்திச் செல்லும் பேச்சில் பச்சைப் பொய் குறைவு. பாதி உண்மைதான் அதிகம். அதனால்தான் அது மாட்டிக்கொள்வதில்லை.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தி.மு.க. கொண்டுவந்ததா, அ.தி.மு.க. கொண்டுவந்ததா?

தேதிகளை வரிசையாக வைத்தால் சண்டைக்கே இடமில்லை. இந்தத் தண்ணீரை எடுப்பது பற்றி மத்திய அரசு முன்னிலையில் கர்நாடகத்துடன் 1998-லேயே உடன்பாடு ஏற்பட்டது. 2008 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். ஜப்பான் நாட்டுக் கடனுதவியும் அந்தக் காலத்தில்தான் உறுதியானது. கர்நாடகத்தில் தேர்தல் நேரம் என்பதால் அங்கே எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டு ஏப்ரலில் திட்டத்தைச் சிறிது காலம் தள்ளிவைப்பதாக அறிவிப்பு வந்தது. பிறகு வேலை தொடங்கியது. 2011-ல் ஆட்சி மாறியது. 2013 மே மாதம் முதல்வர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மொத்தச் செலவு சுமார் 1,928 கோடி ரூபாய்.

தி.மு.க. மேடையில் 2013 காணாமல் போய்விடும். அ.தி.மு.க. மேடையில் 2008 காணாமல் போய்விடும். இருவரும் சொல்லும் தேதி சரியானதுதான். விடுபட்ட தேதியில்தான் விஷயம் இருக்கிறது.

இந்தப் பெருமைச் சண்டை எனக்குக் கோபத்தைத் தருவதற்குக் காரணம் வேறு. இந்தத் திட்டம் வந்ததே நம் நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடுக்காக. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது போகக் கூடாது. கூடினால் பிள்ளைகளின் பல்லில் கறை விழும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பு வளையும். குழாயில் தண்ணீர் வராத நாளில் ஜனங்கள் மறுபடியும் போர்வெல் தண்ணீருக்குத்தான் போகிறார்கள். அடிக்கல் யாருடையது என்று கேட்பவரிடம், உங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, மீதி நாள் எந்தத் தண்ணீர் வருகிறது, அதைக் கடைசியாகப் பரிசோதித்தது எப்போது என்று கேட்டுப் பாருங்கள். எந்தக் கட்சி நோட்டீஸிலும் அதற்குப் பதில் இருக்காது.

வன்னியர் 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டைக் கெடுத்தது யார்?

நம் பகுதியில் அதிகம் திரிக்கப்பட்ட விஷயம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர்கள் நடத்திய 1987 சாலை மறியல் போராட்டத்தில் 21 பேர் உயிரிழந்தார்கள். 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு தனியாக வந்தது. அந்த இருபதை மூன்றாகப் பிரித்து, வன்னியருக்கு 10.5, சீர்மரபினர் உள்ளிட்ட பிரிவுக்கு 7, மற்றவர்களுக்கு 2.5 என்று 2021 பிப்ரவரி 26-ல் அ.தி.மு.க. அரசு சட்டம் நிறைவேற்றியது. சட்டமன்றத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் அதே நாளில்தான். அந்த ஆண்டு நவம்பர் 1-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சட்டத்தை ரத்து செய்தது. தமிழக அரசும் பா.ம.க.வும் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றம் ரத்தை உறுதி செய்தது.

இனி நம் காதில் விழும் பேச்சுகள். “உள் ஒதுக்கீடு கொடுக்கவே முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது.” தவறு. உள் ஒதுக்கீடு கொடுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. வன்னியரை மட்டும் மற்ற சாதிகளிடமிருந்து தனியாகப் பிரிப்பதற்குப் போதிய, சமகாலத் தரவு இல்லை என்பதுதான் ரத்துக்குக் காரணம். அரசு நம்பியிருந்தது 1980-களின் அம்பாசங்கர் ஆணையக் கணக்கை.

“தி.மு.க. அரசு வழக்கையே நடத்தவில்லை.” மேல்முறையீடு செய்தது அந்த அரசுதான். எப்படி வாதாடியது என்று விமர்சிக்கலாம், போகவே இல்லை என்று சொல்ல முடியாது. “அ.தி.மு.க. கொடுத்தது, நீதிமன்றம் பறித்தது” என்பதும் அரைகுறைதான். நாற்பது ஆண்டுப் பழைய தரவை வைத்து, தேர்தல் அறிவிப்பு நாளில் அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தால் அது நீதிமன்றத்தில் நிற்குமா என்ற கேள்வியை அந்தப் பேச்சு மறைத்துவிடுகிறது. அதேபோல, தீர்ப்பு வந்த பிறகு 2023 ஜனவரியில் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்திடம் தரவை ஆராயும் வேலையை ஒப்படைத்துவிட்டு, மீண்டும் மீண்டும் கால நீட்டிப்புக் கொடுத்ததைத் தி.மு.க. மேடைகள் பேசுவதில்லை.

“கணக்கெடுப்பு மத்திய அரசின் வேலை” என்பதிலும் பாதிதான் உண்மை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மத்திய அரசுடையது. ஆனால் ஒரு மாநிலம் சாதிவாரி ஆய்வு நடத்த முடியும். பீகார் நடத்தி 2023-ல் முடிவை வெளியிட்டது. மத்திய அரசு தன் கணக்கெடுப்பில் சாதியைச் சேர்ப்பதாக 2025 ஏப்ரல் 30-ல் அறிவித்தது.

ஒதுக்கீடு வேண்டும் என்று நினைப்பவரும், வேண்டாம் என்று நினைப்பவரும் தரவைத்தான் கேட்க வேண்டும். துரோகி யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் தரவு வராது.

மத்திய அரசுக்கு ஒரு ரூபாய் வரி கொடுத்தால் 29 பைசாதான் திரும்ப வருகிறதாமே?

2024 நாடாளுமன்றத் தேர்தலில் இங்கே மூலைமுடுக்கெல்லாம் ஒலித்த கணக்கு. அதன் அடியில் உண்மையான குறை ஒன்று இருக்கிறது. மத்திய வரிப் பகிர்வில் தமிழ்நாட்டின் பங்கு 13-வது நிதிக் குழுவில் 4.969 சதவீதம். 14-வதில் 4.023 ஆகக் குறைந்தது. 15-வதில் 4.079. மாநிலங்களுக்குப் பகிர வேண்டியது 41 சதவீதம் என்று சொன்னாலும், செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் வசூலாகும் பணம் அந்தப் பகிர்வுக்குள் வருவதில்லை. இந்தக் குறைகளைத் தமிழ்நாட்டில் எந்தக் கட்சி எழுப்பினாலும் நியாயம்தான்.

29 பைசா என்ற எண்ணை மட்டும் கவனமாகக் கையாள வேண்டும். வருமான வரியும் கம்பெனி வரியும் எந்த மாநிலத்தில் செலுத்தப்படுகிறதோ அந்த மாநிலக் கணக்கில் ஏறும். ஓசூரில் ஆலை வைத்து, பெங்களூரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனத்தின் வரி கர்நாடகக் கணக்கில் போகும். சென்னையில் தலைமை அலுவலகம் வைத்து நாடு முழுவதும் விற்கும் நிறுவனத்தின் வரி நம் கணக்கில் ஏறும். திரும்ப வருவது என்று எதைச் சேர்க்கிறோம் என்பதும் உண்டு. வரிப் பகிர்வை மட்டும் சேர்த்தால் ஒரு எண், மானியங்களையும் சேர்த்தால் வேறு எண்.

எதிர்த்தரப்பான பா.ஜ.க.வும் இதே வேலையைத்தான் செய்கிறது. தேசிய நெடுஞ்சாலை, ரயில்வே, வங்கிக் கடன் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி “இத்தனை லட்சம் கோடி கொடுத்தோம்” என்கிறது. முத்ரா கடன் நாம் வட்டியோடு திருப்பிக் கட்டும் கடன். அதை மாநிலத்துக்குக் கொடுத்த பணம் என்று எண்ணுவது எந்த ஊர் நியாயம்?

உங்கள் குடும்பத்தின் தலையில் இத்தனை லட்சம் கடன் என்று வருகிறதே?

2021 ஆகஸ்டில் தி.மு.க. அரசின் வெள்ளை அறிக்கை வந்தபோது, அன்றைய நிதியமைச்சர் ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் கடன் என்றார். அதற்கு முன்பு ஆட்சியில் இருந்தவர்கள் அந்தக் கணக்கு மோசடி என்றார்கள். பிறகு அவர்களே கூடிய கடனை அதே வகுத்தல் கணக்கில் போட்டு அதே போஸ்டரை அடித்தார்கள். கணக்கு மாறவில்லை, மேடை மாறியது.

கடனை மாநிலத்தின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பட்ஜெட் உரையிலேயே அது இருக்கும். அடுத்து, அந்தக் கடன் எதற்குப் போகிறது என்று பாருங்கள். சாலைக்கும் அணைக்கும் போனால் ஒன்று, சம்பளம், வட்டி போன்ற அன்றாடச் செலவுக்குப் போனால் வேறு. வருவாய்ப் பற்றாக்குறை என்ற வரி அதைச் சொல்லிவிடும்.

காவிரியில் கர்நாடகம் தண்ணீர் கொடுத்ததா இல்லையா? ஆளுக்கொரு எண் சொல்கிறார்களே.

அளவீடு நடப்பது நம் மண்ணில்தான். கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டிப் பக்கம் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவு நிலையம் இருக்கிறது. காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பில் அங்கே ஆண்டுக்கு 192 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) வர வேண்டும் என்று இருந்தது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. குறைந்த 14.75-ல் 10 டி.எம்.சி. தமிழ்நாட்டின் நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டதால், 4.75 பெங்களூர்க் குடிநீருக்காக.

ஏமாற்று வேலை இரண்டு இடங்களில் நடக்கிறது. முதலாவது, கன அடியையும் டி.எம்.சி.யையும் கலப்பது. “ஐயாயிரம் கன அடி திறந்தார்கள்” என்றால் பெரிதாகக் கேட்கும். ஒரு நாள் முழுக்க நொடிக்கு 11,574 கன அடி வந்தால்தான் 1 டி.எம்.சி. ஐயாயிரம் என்பது நாளைக்கு அரை டி.எம்.சி.கூட இல்லை. வெள்ளக் காலத்தில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடி வந்தால் ஒரே நாளில் 8.64 டி.எம்.சி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதை வைத்துப் பார்த்தால் எதுவும் புரிந்துவிடும்.

இரண்டாவது, ஆண்டு மொத்தத்தைக் காட்டி மாதக் கணக்கை மறைப்பது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 என்று மாதவாரியாகப் பங்கு இருக்கிறது. மழை கொட்டிய ஆண்டில் அணை தாங்காமல் வந்த வெள்ளத்தையும் கூட்டி “இரண்டு மடங்கு கொடுத்தோம்” என்று கர்நாடகக் கட்சிகள் சொல்கின்றன. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னட சேனல் பார்க்கும் நம் ஆட்கள் அதை அப்படியே நம்புகிறார்கள். ஜூனில் நடவுக்கு வராத தண்ணீருக்கு ஆகஸ்ட் வெள்ளம் ஈடாகாது. நம் பக்கத்திலும், ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்தும் அளவுக்கு வெள்ளம் ஓடும் வாரத்திலேயே “சொட்டுத் தண்ணீர் தரவில்லை” என்று பேசியவர்கள் உண்டு. அதுவும் தப்பு.

மொரப்பூர் ரயில், ஓசூர் விமான நிலையம், பல லட்சம் கோடி முதலீடு... எல்லாம் வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே?

எந்தப் படியில் நிற்கிறது என்று கேளுங்கள். அறிவிப்பு, ஆய்வு, ஒப்புதல், நிதி ஒதுக்கீடு, நில எடுப்பு, டெண்டர், வேலை, திறப்பு: ஒவ்வொன்றும் ஒரு படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு முறை “வந்துவிட்டது” என்று பட்டாசு வெடிப்பார்கள்.

தர்மபுரி – மொரப்பூர் பாதை 1906-ல் ஓடத் தொடங்கி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 1941-ல் பிடுங்கப்பட்டது. 36 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2016-17 ரயில்வே பட்ஜெட்டில் ஒப்புதல், 2019-ல் அடிக்கல். இந்த ஒரு பாதைக்கு எத்தனை பேர் சொந்தம் கொண்டாடினார்கள் என்று பழைய போஸ்டர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் ரயில்வே வெளியிடும் பிங்க் புக்கில் இந்தப் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று இருக்கும். எம்.பி. பேச்சைவிட அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

ஓசூர் விமான நிலையம் 2024 ஜூன் 27-ல் சட்டமன்றத்தில் 110-வது விதியின் கீழ் அறிவிக்கப்பட்டது. 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடி பயணிகள் என்று. பெங்களூர் விமான நிலையத்துடன் மத்திய அரசு போட்ட ஒப்பந்தத்தில், 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறு பெரிய விமான நிலையம் கூடாது என்று இருக்கிறது. அறிவித்தவர் அதைச் சொல்லாமல் விட்டார். “நடக்கவே நடக்காது” என்று கேலி பேசியவரோ, கட்டி முடிக்கவே பல ஆண்டுகள் ஆகும் என்பதைச் சொல்லாமல் விட்டார்.

முதலீட்டாளர் மாநாடுகளில் 2015-ல் 2.42 லட்சம் கோடி, 2019-ல் 3 லட்சம் கோடி, 2024-ல் 6.64 லட்சம் கோடி என்று அறிவிப்பு. இவை ஒப்பந்தத் தொகை, வந்து இறங்கிய பணம் அல்ல. 2024-ல் சொன்ன 26.9 லட்சம் வேலையில் ஏறத்தாழ பாதி மறைமுக வேலை. போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் ஆலைகள் வந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, அதை மறுக்க வேண்டாம். உள்ளூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் நிரந்தர வேலையில், எத்தனை பேர் ஒப்பந்தத்தில் என்று கேட்கத் தவற வேண்டாம்.

மகளிர் உரிமைத் தொகை எல்லாருக்கும் கிடைத்ததா, பாதிப் பேருக்கு மறுக்கப்பட்டதா?

விண்ணப்பப் பதிவு முகாமை முதல்வர் ஸ்டாலின் தொடங்கியது நம் தொப்பூரில்தான், 2023 ஜூலை 24. தேர்தல் வாக்குறுதியில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 என்று இருந்தது. திட்டம் வரும்போது நிபந்தனைகளும் சேர்ந்து வந்தன: ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது 1.06 கோடிப் பேர். வாக்குறுதி முழுதாக நிறைவேறியது என்பதும் சரியில்லை. வசதியானவர்களின் ரேஷன் கார்டையும் சேர்த்து எண்ணி, பாதிப் பேரை ஏமாற்றினார்கள் என்பதும் சரியில்லை.

டிவி சேனல் லோகோ போட்ட கார்டு வந்தால் நம்பலாமா?

அந்தச் சேனலின் பக்கத்தில் அதே தேதியில் அதே கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போலி. பேச்சு வீடியோ என்றால் முழுப் பேச்சைத் தேடி, வெட்டிய இடத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடம் கேளுங்கள். பல முறை அர்த்தமே மாறிவிடும்.

இதெல்லாம் வெறும் வாய்ச் சண்டைதானே, யாருக்கு என்ன நஷ்டம்?

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. சம்பந்தமில்லாத பழைய சம்பவங்களை எடுத்து ஒட்டியவை. வெளிமாநிலக் கட்சிக்காரர்களும் யூடியூபர்களும் பரப்பினார்கள், வழக்குகள் பதிவாகின. நம்மோடு வேலை பார்க்கும் மனிதர்கள் ஊரில் இருக்கும் அம்மாவின் அழுகையைப் போனில் கேட்டுப் பயந்தார்கள். பலர் ரயில் ஏறினார்கள். நம் பக்கமும் “வடக்கன்” என்று தொடங்கும் வீடியோக்கள் தினமும் வருகின்றன. அவற்றையும் அதே கண்ணோடு பாருங்கள். சாதியைக் கிளப்பும் ஃபார்வர்டு எதுவானாலும், உண்மையா என்று ஆராயும் முன்பே பகிர்வதை நிறுத்துங்கள். 2012 நவம்பரில் நத்தம் காலனியில் தலித் மக்களின் வீடுகள் எரிந்ததைப் பார்த்த மாவட்டம் இது.

அரசே மறுத்துவிட்டால் அது பொய் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இதை நம் மாவட்டத்தைவிட நன்றாக அறிந்த மாவட்டம் இல்லை. 1992 ஜூன் 20-ல் அரூர் வட்டம் வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக்கட்டைச் சோதனை என்று நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊர் சூறையாடப்பட்டது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது அன்றைய அரசு. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடின. சி.பி.ஐ. விசாரணை வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோக, உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்பு. 2023 செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் சொன்னதைப் பொய் என்று சொல்லி அரசு மூட முயன்றது. கடைசியில் நின்றது அவர்கள் சொன்னதுதான்.

தமிழக அரசு 2023-ல் உண்மை சரிபார்ப்புக் குழுவை அமைத்தது. மத்திய அரசுக்கும் இப்படி ஒன்று உண்டு. அதற்குச் சட்ட அதிகாரம் கொடுக்கும் விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. போலிப் படம், போலிச் சுற்றறிக்கை என்றால் இந்தக் குழுக்கள் சொல்வது உதவும். அரசின் மீதே குற்றச்சாட்டு என்றால், அரசு தன்னைப் பற்றித் தானே சொல்லும் தீர்ப்பு போதாது.

பொய் நோட்டீஸ் அடித்தால் சட்டம் என்ன செய்யும்?

தேர்தல் நோட்டீஸில் அச்சகத்தின் பெயரும் வெளியிட்டவர் பெயரும் முகவரியோடு இருக்க வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு. இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரவோடு இரவாக வீட்டு வாசலில் போடும் பெயரில்லாத நோட்டீஸ் எதைச் சொன்னாலும் முதலில் அதுவே குற்றம். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியிலேயே போட்டோ எடுத்து அனுப்புங்கள். வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றிப் பொய் என்று தெரிந்தே பரப்பினால், பாரதிய நியாய சன்ஹிதா 175-வது பிரிவு இருக்கிறது. வென்ற வேட்பாளரே செய்திருந்தால், முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம்.

எங்கள் ஊருக்கு இத்தனை கோடி ஒதுக்கியதாகச் சொல்கிறார்கள். உண்மையா என்று எங்கே கேட்பது?

அரசாணை எண்ணும் தேதியும் கேளுங்கள். இரண்டும் சொல்ல முடியாதவர் சொல்வதை அறிவிப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் “ஏன்”, “எதற்காக” என்று கேட்காமல், ஆவணத்தைக் கேளுங்கள்: நிர்வாக ஒப்புதல் நகல், டெண்டர் தேதி, இதுவரை செலவான தொகை, பணி முடிவுச் சான்று. கிராமமாக இருந்தால் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். ஒகேனக்கல் தண்ணீர் எத்தனை நாள் வந்தது, ஃபுளோரைடு அளவு எவ்வளவு என்ற கேள்வியை அன்று எழுப்பி, தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.